குடத்தோடு போனால் கதவு திறக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, வணக்கம். 'கவுன்சிலராக இருந்தவர் எம்.பி. ஆவது நாட்டுக்கு லாபமே' என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "சாக்கடை பார்த்தவரை டில்லிக்கு அனுப்பினால் அங்கேயும் சாக்கடையைத்தான் தேடுவார்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். சரி, நானும்தான் தட்டினேன்.

ஆனால் ஐயா, வல்லபபாய் படேல் 1917-ல் அகமதாபாத் நகராட்சி உறுப்பினர். ராஜாஜி அதே 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். படேல் முதலில் பார்த்தது குழாய் இணைப்பு. அப்புறம் பார்த்தது 500-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களின் இணைப்பு!

சாக்கடை என்றீர்களே, கேளுங்கள். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் குழாயில் தண்ணீர் கறுப்பாக வந்தது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எம்.பி.யைப் பார்க்கத்தான் அப்பாயின்ட்மென்ட். கவுன்சிலரைப் பார்க்க ஒரு குடம் போதும். கதவைத் திறந்தவர் கவுன்சிலரின் வீட்டுக்காரர். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க" என்றார். (பதவி மனைவிக்கு, தோரணை கணவருக்கு. கேள்விப்படாத கதையா?) அம்மா விடுவாரா? "ஓட்டு உனக்கா போட்டேன்? அவளைக் கூப்பிடு!"

கவுன்சிலர் கொண்டையை முடிந்தபடியே வந்தார். குடத்துக்குள் மூக்கை விட்டார். எடுத்தார். மறுபடியும் விட்டார். "சாக்கடை கலந்திருக்குக்கா" என்றார். வால்வு திறக்கிறவரை எழுப்பி, விடியும்வரை பள்ளத்தோரம் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் சும்மா இருந்தாரா? டீ வாங்கி வந்தார்!

நடுவர் அவர்களே, இன்னொரு தடவை சொல்கிறேன்: ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை மோந்து பார்த்தார். மக்களவையில் 543 பேர். குடிநீர்த் திட்டம் விவாதத்துக்கு வரும்போது எல்லோரும் காகிதத்தைப் பார்ப்பார்கள். அந்த மூக்கு ஒன்றாவது அங்கே இருக்கட்டுமே!

"அவர் டில்லி போய்விட்டால் உங்கள் தெருப் பள்ளத்துக்கு டார்ச் அடிப்பது யார்?" என்று அடுத்து வருபவர் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், தப்பித்தேன்.

ஒன்றே ஒன்று, முடித்துவிடுகிறேன். அன்று விடிந்ததும் அம்மா, காலண்டர் ஆணிக்குக் கீழே சுவரில் பென்சிலால் அந்தக் கவுன்சிலரின் நம்பரை எழுதினார். பக்கத்தில் பெயர் இல்லை. 'தண்ணி' என்று மட்டும் இருந்தது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம், அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

வணக்கம்.