சுவரில் மாட்ட வேண்டியது எது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "வீட்டுச் சுவருக்கு அழகு சேர்ப்பவை குடும்பப் புகைப்படங்களா, பழைய நிலக்காட்சி ஓவியங்களின் அச்சுப்படிகளா?" என்ற தலைப்பில், ஓவிய அச்சுப்படிகளே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு அமர்ந்தார். அச்சுப்படி வெறும் நகல் என்றார். வரைந்தவன் வெள்ளைக்காரன், ஆகவே பார்வையும் அவனுடையது என்றார். நம் வீட்டுச் சுவரில் நம் மனிதர்கள்தாம் இருக்க வேண்டும் என்றார். மூன்றாவதற்குத்தான் கைத்தட்டல் அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் மனிதர்கள் என்றால் எந்தத் தலைமுறை வரை, ஐயா? ஆல்பத்தைப் புரட்டினால் தாத்தா பாட்டி வரை போகலாம். வசதியிருந்த குடும்பமென்றால் கொள்ளுத்தாத்தா ஒருவர் கோட்டு அணிந்து நிற்பார். அதற்கும் முன்பு நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தச் சிங்கப்பூரில் வந்து இறங்கியவர்களை எவரும் படமெடுத்து வைக்கவில்லை. ஆனால் அவர்கள் கண்ட ஊர் படமாக இருக்கிறது. 1856ஆம் ஆண்டில் பெர்சி கார்பென்டர் என்ற ஆங்கில ஓவியர், வாலிச் குன்றின் மீதிருந்து விடியற்காலையில் தெரிந்த சிங்கப்பூரைத் தைலவண்ணத்தில் தீட்டினார். அவர் நின்ற அந்தக் குன்று இன்று இல்லை. அதை வெட்டி எடுத்த மண், தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்க்கப் பயன்பட்டது. 1828க்கும் 1830க்கும் இடையில் நம்மவர்கள் இங்கே எழுப்பிய நாகூர் தர்கா கடலைப் பார்த்து நின்ற கட்டடம் என்று சொன்னால், இன்று அதன் வாசலில் நின்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்களை அண்ணாந்து பார்க்கும் பிள்ளை நம்புமா? கார்பென்டரின் ஓவியம் கூடத்துச் சுவரில் இருந்தால், கடல் எதுவரை வந்தது என்று விரல் வைத்தே காட்டிவிடலாம். எந்தக் குடும்பப் புகைப்படமும் செய்ய முடியாத வேலை இது.

அடுத்து, வெள்ளைக்காரன் பார்வை. மறுக்கவில்லை. 1841 முதல் 1853 வரை இங்கே அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன், 1851இல் பாடாங் திடலை ஸ்கேண்டல் பாயின்ட் என்ற மேட்டிலிருந்து வரைந்தார். துரைமார்கள் மாலையில் கூடி ஊர்வம்பு பேசிய இடம் அது. நம் ஊர்த் திண்ணைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் அங்கிருந்து பார்த்தவரின் ஓவியத்தில் துரைமார்கள் மட்டுமா இருக்கிறார்கள்? குதிரை வண்டிகளுக்கு அருகே பல இனத்தவரும் அவரவர் உடையில் நிற்கிறார்கள். பார்வை இல்லாத படம் உலகில் கிடையாது. பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு சித்தப்பாக்களைத் தோளில் கைபோட வைத்து எடுத்த கல்யாணப் படத்தை, எதிரணி நண்பர்கள் வரலாற்றுச் சான்று என்றா மாட்டியிருக்கிறார்கள்?

நகல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் இருவரும் 1786இல் கல்கத்தாவில் வந்து இறங்கி, 1792இல் தென்னாட்டுக்கும் பயணம் செய்து, தஞ்சைப் பெரிய கோயிலையும் பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். ஊர் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 144 காட்சிகளை வெளியிட்டார்கள். அவை எப்படி உருவாயின தெரியுமா? செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, மை பூசிக் காகிதத்தில் ஒற்றி, பிறகு கையால் வண்ணம் தீட்டினார்கள். அதாவது அவை பிறக்கும்போதே அச்சுப்படிகள். பல வீடுகளுக்குப் போய்ச் சேரவே பிறந்தவை. அவற்றை நம் நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் மாட்டினால் யாருக்கு என்ன குறை?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோபாவோடு சேர்த்து விற்கப்படும் வெனிஸ் கால்வாய்ப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வரைந்தது என்று வீட்டார் சொல்லத் தெரிந்த படத்தையே சொல்கிறேன். அதை மாட்டுவதிலும் பக்குவம் வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே இடையில் அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டமிட்டு, வெயில் நேரே படாத சுவரில் மாட்ட வேண்டும். அப்படியும் வெளிறினால் இன்னொரு படி எடுத்துக்கொள்ளலாம். பாட்டியின் ஒரே புகைப்படம் வெளிறினால் என்ன செய்வீர்கள்? அதையும் நகலெடுத்து மாட்டலாமே என்று அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் சொல்லக்கூடும். தாராளமாக மாட்டட்டும், நடுவர் அவர்களே. ஆனால் நகல் சுவருக்கு ஆகாது என்று தம் தலைவர் வைத்த முதல் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மாட்டட்டும். நன்றி, வணக்கம்.