கதை படித்தே மொழி கற்கலாம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அயல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கியவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். இலக்கணப் புத்தகம் முடிந்திருக்கும். சில நூறு வினைச்சொற்கள் மனப்பாடமாகியிருக்கும். தேர்வில்கூடத் தேறியிருப்பார்கள். ஆனால் அந்த மொழியில் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டும். புத்தகம் அலமாரிக்குத் திரும்பும், அத்துடன் அந்த மொழியும் கைநழுவிப் போகும். கேட்டால் வயதைக் காரணம் சொல்வார்கள், ஞாபகசக்தியைக் குறை சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. அவர்களுக்கு ஏற்ற, அவர்களாகவே விரும்பிப் படிக்கக்கூடிய புத்தகம் எதுவும் அவர்கள் கைக்கு வரவில்லை என்பதே உண்மை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஹங்கேரியைச் சேர்ந்த காத்தோ லோம்ப் என்ற பெண்மணியைப் பற்றி முதலில் சொல்கிறேன். 1909இல் பிறந்த அவர் வேதியியல் படித்தவர். பின்னாளில் 16 மொழிகளைக் கொண்டு வருவாய் ஈட்டும் அளவுக்கு மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தவர். ரஷ்ய மொழியை அவர் தொட்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். ஓர் அகராதி, யாரோ விட்டுச்சென்ற பழைய காதல் நாவல் ஒன்று, தொடக்கத்தில் அவரிடம் இருந்தவை இவ்வளவுதான். போர் முற்றியபோது ரஷ்ய மொழி படிப்பதே சந்தேகத்துக்கு இடமளிக்கும் செயலாகிவிட்டது. அதனால் ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் நாவல் ஒன்றைப் பிரித்து, ஹங்கேரிய மொழிக் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றின் பக்கங்களுக்கு இடையிடையே வைத்துக் கட்டச் செய்தார். விமானத் தாக்குதல் நடக்கும்போது பதுங்கிடத்தில் உட்கார்ந்து அதைத்தான் படித்தார். அங்கே ரஷ்ய அகராதியை விரிப்பது ஆபத்து. ஆகவே தெரியாத சொல் வந்தால் துணிந்து தாண்டிப் போனார். 1945இல் புடாபெஸ்ட் நகர மன்றத்தில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

அகராதியைத் தொட முடியாத நிலை அவருக்கு ஒரு முறையையே கற்றுக் கொடுத்தது. ஆயிரம் முறை தடுக்கி நின்று படித்தால் கதை செத்துவிடும் என்பதை அவர் அந்தப் பதுங்கிடத்தில் கண்டுகொண்டார். கொலைகாரனைத் துப்பறிவாளர் எந்த வகை முட்புதருக்குப் பின்னாலிருந்து கவனித்தார் என்பது தெரியாமல் போவதால் பெரிய நட்டமில்லை, அதைத் தேடித் தேடியே புத்தகம் சுவையற்றுப் போவதுதான் நட்டம் என்ற பொருளில் பிற்காலத்தில் எழுதவும் செய்தார். எனக்கு மிகவும் பிடித்த அறிவுரை இது. செடியின் பெயர் தெரியாமலே நாம் தாய்மொழியிலும் எத்தனையோ கதைகளைப் படித்து முடித்திருக்கிறோம்.

லோம்ப் அபூர்வமான மனிதர், அவரை வைத்து எல்லோருக்கும் விதி வகுக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளுக்குப் போவோம். 1980இல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி அல்ல. எட்டுப் பள்ளிகளில் 9 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, படம் போட்ட நல்ல ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் 250 கொடுக்கப்பட்டன. சில வகுப்புகளில் பிள்ளைகள் தாமாகவே மௌனமாகப் படித்தார்கள். வேறு சில வகுப்புகளில் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட மற்றப் பள்ளிகளில் வழக்கமான வாக்கியப் பயிற்சிகளே தொடர்ந்தன. முதல் ஆண்டிலேயே கதைப் புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்புத் திறன் வழக்கத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த முன்னேற்றம் மொழியின் மற்றத் திறன்களுக்கும் பரவியது. இவர்களில் யாரும் மேதைகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. கதை என்ன ஆகுமோ என்ற ஆவலில் பக்கத்தைப் புரட்டிய சாதாரணப் பிள்ளைகள்.

சரி, இது எப்படி நடக்கிறது? ஒரு சொல்லை ஒரு தடவை பார்த்ததும் அது நம்முடையதாகிவிடுவதில்லை. ராப் வாரிங், தகாகி என்ற இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சற்றுக் கடுமையாகவே காட்டியது. ஜப்பானிய மாணவர்கள் ஓர் எளிய ஆங்கிலக் கதையைப் படித்தார்கள். அதில் 25 புதிய சொற்கள் கலந்திருந்தன. மூன்று மாதம் கழித்து, குறிப்பு எதுவும் தராமல் பொருள் கேட்டபோது சராசரியாக ஒரே ஒரு சொல்தான் நினைவில் இருந்தது. கதையில் எட்டு முறைக்கும் குறைவாக வந்த எந்தச் சொல்லும் தங்கவில்லை. இந்த முடிவைக் காட்டி, வாசிப்பால் பயனில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒரு புத்தகம் போதாது என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது. பத்து, ஐம்பது, நூறு என்று போகவேண்டும். அத்தனை புத்தகங்களைக் கடமைக்காக யாராலும் படிக்க முடியாது. இன்பம் இல்லாமல் அந்த அளவு வராது, அந்த அளவு இல்லாமல் சொல் தங்காது.

அளவு என்றதும் உடனே எழும் அடுத்த கேள்வி: எந்தப் புத்தகம்? நியூசிலாந்தின் வெலிங்டனில் பணியாற்றிய பால் நேஷன் என்ற மொழியியல் அறிஞர் இதில் பல ஆண்டுகள் உழைத்தவர். துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, ஒரு பக்கத்தின் சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரும் ஹூ என்ற ஆய்வாளரும் 2000இல் கண்ட முடிவு. முந்நூறு சொல் உள்ள பக்கத்தில் ஆறு சொல்தான் புதியதாக இருக்கலாம். 90 விழுக்காடு தெரிந்தால் போதாதா என்று கேட்டால், அதே பக்கத்தில் முப்பது இடத்தில் தடுக்கும். கதை எங்கே நடக்கும்? பெரியவர்களுக்காக எழுதப்பட்ட ஆங்கில நாவலை அந்த 98 விழுக்காட்டு நிலையில் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிய வேண்டும் என்று 2006இல் நேஷன் கணக்கிட்டார். ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டியவர்களின் பிழை என்ன என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அவர்களிடம் குறையொன்றும் இல்லை. ஏணியின் உச்சிப் படியில் முதல் காலை வைக்கப் பார்த்தார்கள்.

நடுவில் உள்ள படிகளைப் போட்டுத் தந்தவர்களும் இருக்கிறார்கள். வங்கத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1920களிலேயே சொற்களை வரம்பிட்டு, மாணவர்களுக்கான வாசிப்பு நூல்களை எழுதினார். அந்த வழியில் வந்த படிநிலை நூல்கள் இன்று பல மொழிகளில் கிடைக்கின்றன. முந்நூறு, நானூறு சொற்களுக்குள் அடங்கும் கதைகள்கூட உண்டு.

இங்கேதான் ஒரு பெரிய தடை வந்து நிற்கிறது. அதன் பெயர் வெட்கம். பட்டம் பெற்ற ஒருவர், அலுவலகத்தில் பத்துப் பேரை மேற்பார்வை செய்கிறவர், முயலும் நரியும் பேசும் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதா? பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பார்? இப்படி நினைத்தே எத்தனை பேர் தமக்கு எட்டாத இலக்கியத்தை வாங்கி, தொடாமல் வைத்திருக்கிறார்கள்! மனம் வலிக்கிறது. அயல்மொழியில் நாம் எல்லோரும் முதலில் குழந்தைகள்தான், குழந்தைக்கான புத்தகம் நமக்கு உரியதே. சித்திரக் கதை, துப்பறியும் கதை, சமையல் குறிப்பு, விளையாட்டுச் செய்தி, எதுவும் தாழ்வில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதைத் தாய்மொழியில் தந்திருந்தால் விரும்பிப் படித்திருப்பேனா?

ஜப்பானில் சகாய் குனிஹிதே என்ற பேராசிரியர் பரப்பிய முறையில் மூன்று விதிகள் உண்டு. அகராதி பார்க்காதே. புரியாத இடத்தைத் தாண்டிப் போ. சலித்தால் புத்தகத்தை விட்டுவிடு. மூன்றாவது விதியைத்தான் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவேன். பாதியில் விட்ட புத்தகத்தைப் பாவமாகக் கருதும் பழக்கம் நம்மைப் பள்ளியிலிருந்து துரத்திக்கொண்டு வருகிறது. முதல் விதியில் மட்டும் எனக்குச் சிறு திருத்தம் உண்டு. ஒரு சொல் ஐந்தாறு முறை எதிர்ப்பட்டு, அது தெரியாததால் கதையே மங்குகிறது என்றால் அத்தியாயம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். திரையில் படிப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சொல்லைத் தொட்டால் பொருள் வந்துவிழும் வசதி நல்லதுதான், ஆனால் விரல் ஓயாமல் தொட்டுக்கொண்டிருந்தால் கண் கதையில் நிற்காது.

இதெல்லாம் நுனிப்புல் மேய்வது என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. வரிவரியாக ஆராய்ந்து படிப்பதற்கும் இடம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கவிதையை அப்படித்தான் படிக்க வேண்டும். ஆனால் நாள் முழுதும் ஒரு பத்தியை அறுத்துப் பார்ப்பவருக்கு அந்த மொழியின் ஓட்டம் பிடிபடுவதில்லை. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரும், எந்த இடத்தில் வாக்கியம் திரும்பும் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் கண்முன் ஓடினால்தான் படியும்.

வாசிப்பு எல்லாவற்றையும் தந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். கண்ணால் மட்டும் கற்ற சொல்லை வாய் தப்பாக உச்சரிக்கும். எழுத்தும் ஒலியும் விலகி நிற்கும் ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகளில் இது அதிகம். அதே புத்தகத்தின் ஒலிவடிவம் கிடைத்தால், கேட்டுக்கொண்டே வரியில் கண்ணை ஓட்டுங்கள். பேச்சுக்குப் பேசிப் பழகத்தான் வேண்டும். ஆனால் நிறையப் படித்தவர் பேசத் தொடங்கும்போது சொல்லுக்காகக் காத்திருக்கும் நேரம் குறைந்துவிடுகிறது.

ஒரு புத்தகம் பிடித்துப் போனால் உடனே வேறு எழுத்தாளரிடம் தாவாதீர்கள். அதே எழுத்தாளரின் அடுத்த நூலை எடுங்கள், தொடர்கதையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வோர் எழுத்தாளருக்கும் விருப்பமான சொற்களும் வாக்கிய அமைப்பும் உண்டு. அவை திரும்பத் திரும்ப வரும். பாத்திரங்களும் ஊரும் ஏற்கெனவே அறிமுகமானவை என்பதால் இரண்டாம் புத்தகத்தின் முதல் அத்தியாயம் முதல் புத்தகத்தினுடையதைவிட வேகமாக நகரும். மூன்றாம் புத்தகத்துக்கு வரும்போது நீங்கள் படிப்பது அயல்மொழி என்பதையே சில பக்கங்களுக்கு மறந்துபோயிருப்பீர்கள்.

நன்றி. வணக்கம்.