பூனை முடி நிரபராதி! அப்போ தும்ம வைக்கிறது யாருங்க?

ஸ்பிங்க்ஸ் என்று ஒரு பூனை. உடம்பில் முடி இருப்பதே தெரியாது, உரித்த கோழி மாதிரி இருக்கும். ஆனால் பூனை அலர்ஜி உள்ளவர் அதை மடியில் வைத்தாலும் தும்முவார். எப்படி?

லீவுக்கு அப்பிச்சி ஊட்டுக்குப் போன பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால், நம்ம பக்கம் முதல் பழி பூனை முடி மேல்தான் விழும். முடி பாவங்க. நிஜக் குற்றவாளி ஒரு புரதம். ஃபெல் டி 1 என்று பெயர். பூனையின் எச்சிலிலும், தோலில் எண்ணெய் சுரக்கும் இடங்களிலும் இருக்கிறது. பூனை நாக்கில் பின்பக்கமாக வளைந்த குட்டிக் குட்டி முட்கள் உண்டு. அது உட்கார்ந்து உடம்பை நக்கும்போது எச்சில் முடியின் அடிவரை இறங்கும், காய்ந்து தூளாகிப் பறக்கும். இதைத் தேவையில்லாமல் எதிரியாக நினைத்து நம் உடம்பு ஐ.ஜி.ஈ. என்ற ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை, தயார் செய்கிறது, அடுத்த முறை ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது, உடனே தும்மல், மூக்கொழுகல், சிலருக்கு வீசிங். சரி, பள்ளிக்கூடப் பாடம் முடிந்தது.

இனிமேல்தான் கதை. (திரையில்: தேவாங்கு)

கரூர் பக்கம் கடவூர் தேவாங்கு தெரியுமில்லையா? 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்த்து அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். இந்தியாவிலேயே தேவாங்குக்கு அதுதான் முதல் சரணாலயம். நான் சொல்ல வந்தது அதன் பங்காளியைப் பற்றி. ஸ்லோ லோரிஸ் என்பார்கள், அஸ்ஸாம், மேகாலயா காடுகளில் இருக்கிறது. அதே உருண்டைக் கண், அதே அப்பாவி முகம். ஆனால் விஷம் வைத்திருக்கும் ஆள்! முழங்கையின் உட்பக்கம் ஒரு சுரப்பி. மிரண்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கும். கும்பிடுகிறது என்று நினைத்து நாம் போனில் படம் எடுப்போம். அது அந்தச் சுரப்பியை நக்கி, எச்சிலோடு கலந்து, ஒரே கடி. கடிபட்டவர்களில் சிலர் மூச்சுத் திணறும் அளவுக்குக் கடும் அலர்ஜி வந்து படுத்திருக்கிறார்கள்.

அந்தச் சுரப்பி நீரில் என்ன புரதம் இருக்கிறது என்று ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். அதன் அமைப்பு நம்ம ஃபெல் டி 1-ஐ ஒத்திருந்தது! உங்கள் சோபாவில் தூங்கும் பூனையின் எச்சில் புரதமும், காட்டில் ஒரு ஜீவன் விஷமாக வைத்திருக்கும் புரதமும் சொந்தக்காரர்கள். இயற்கைக்கும் கோயமுத்தூர் குசும்பு உண்டு போல. (இதைக் கேட்டுவிட்டுக் கடவூர் தேவாங்கைப் போய்ச் சீண்டாதீங்க. பிடித்தால் கேஸ்.)

இந்தப் புரதம் லேசில் போகாது. பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்த பிறகும் மெத்தையிலும் சோபாவிலும் மாதக்கணக்கில் இருக்கும். சட்டையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். களத்து மேட்டில் எலி பிடித்துத் திரிந்த பூனையை, ஏசி போட்டு மூடிய பிளாட்டுக்குள் நாம்தான் கொண்டு வந்தோம். படுக்கையறைக்குள்ளாவது விடாதீங்க என்பது என் கட்சி. கருத்தடை செய்த ஆண் பூனையிடம் இந்தப் புரதம் குறையும், அதையும் யோசிக்கலாம். வீசிங் வந்தால் மட்டும் யூடியூபை மூடிவிட்டு டாக்டரிடம் போங்க. தோலிலோ ரத்தத்திலோ டெஸ்ட் எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்புறம் நாமக்கல்காரர்களுக்கு ஒரு சேதி. ஃபெல் டி 1 பட்ட கோழி இடும் முட்டையின் மஞ்சள் கருவில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அதைப் பூசிய பூனைத் தீனி 2020-ல் இருந்து அமெரிக்காவில் விற்பனையில் இருக்கிறது. பூனை மெல்லும்போதே புரதம் வாயில் செயலிழக்கும். மூன்றாவது வாரத்தில் இருந்து சராசரியாக 47 சதவீதம் குறைந்தது என்கிறார்கள். ஆய்வு செய்ததும் தீனி விற்கும் கம்பெனியே, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடவே கேளுங்க. வீட்டில் சாதா முட்டையை அவித்து வைத்தால் இது நடக்காது, பூனைக்கு நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.

உங்க வீட்டில் பூனைக்குத் தும்முகிற ஆள் யாருங்க? கமெண்ட்டில் மாட்டிவிடுங்க, நாங்க பார்த்துக்கிறோம்.