சூரியனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் சீட்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மணி நேர விமானப் பயணம்தானே, எந்த சீட்டாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. குறுகிய பயணத்தில்தான் ஜன்னலுக்கு மதிப்பு அதிகம். விமானம் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாகவே நேரத்தில் பெரும்பங்கு போய்விடும். ஆறும் சாலையும் வயல் வரப்பும் கண்ணுக்கு அடையாளம் தெரிவது அப்போதுதான்.

ஜன்னல் கேட்டு வாங்குகிறவர்கள்கூட ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் சூரியன் எந்தப் பக்கம்? காலையில் வடக்கே போகிற விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு உங்களுக்கு வலப்பக்கம். அங்கே உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். அதோடு போகாது. ஜன்னல் பிளாஸ்டிக்கில் உள்ள கீறல் ஒவ்வொன்றும் வெயிலில் மின்ன ஆரம்பித்து, வெளியே இருப்பது மங்கிவிடும். கடைசியில் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்க வேண்டியதுதான். இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கோ, சூரியன் முதுகுக்குப் பின்னால் நின்று விளக்குப் பிடிக்கும். மாலையில் தெற்கே திரும்பி வருகிறீர்களா? அப்போதும் இடப்பக்கம்தான். யோசித்துப் பாருங்கள், சரியாக வரும். ஏ என்று போட்ட சீட் இடது ஓரம். கிழக்கு மேற்காகப் போகிற விமானத்தில் காலை மாலை சூரியன் பெரும்பாலும் முன்னாலோ பின்னாலோ இருக்கும்; அங்கே இவ்வளவு கவலை வேண்டாம்.

சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. உண்மையைச் சொன்னால், அதுதான் முதல் காரணம். ஒருமுறை பக்கத்து சீட் பையன், "அங்கிள், கீழே மேகத்துல நம்ம நிழல் ஓடுது, அதைச் சுத்தி வானவில்!" என்று கத்தினான். குளோரி என்பார்கள். மேகத்தில் இருக்கிற நுண்ணிய நீர்த்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருவது. வட்டத்தின் வெளி விளிம்பில் சிவப்பு. "வட்டத்தின் நடு எங்கே விழுகிறது, பார்" என்றேன். இறக்கைக்குப் பின்னால் என்றான். நாங்கள் உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். அதே பக்கம் முன்வரிசையில் இருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து, "அம்மா மூக்குக்கிட்டன்னு பொய் சொல்றாங்க" என்றான். பொய் இல்லை. இருவர் சொன்னதும் சரி. வட்டம் எப்போதும் பார்க்கிறவரின் நிழல் விழும் இடத்தைச் சுற்றித்தான் அமையும். ஆளுக்கொரு வட்டம்! அவன் நம்பவே இல்லை. இறங்கும்வரை என்னோடு வாதாடினான். மேகத்தை விட்டு மேலே மேலே போனால் விமானத்தின் நிழல் கரைந்துவிடும், வட்டம் மட்டும் கூடவே வரும். இது தெரிவது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் மட்டும். மறுபடியும் சொல்கிறேன், எதிர்ப்பக்கம்.

சரி, பக்கம் முடிவாகிவிட்டது. அப்புறம் வரிசை. இறக்கைக்கு மேலே உட்கார்ந்தால் இறக்கைதான் தெரியும். பின்னால் போனால் என்ஜினின் சூட்டுக் காற்றில் காட்சி நெளியும். முன்பக்கம் நல்லது, ஆனால் போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கம், ஒரு வரிசைக்கு ஜன்னலே இருக்காது. ஏசி குழாய் அந்தச் சுவருக்குள் ஏறுகிறது. ஜன்னல் சீட் என்று எடுத்துவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு வருவார்கள், பாவம். ஏடிஆர் போன்ற சின்ன விமானம் கிடைத்தால் விடாதீர்கள். இறக்கை தலைக்கு மேலே இருக்கும், பறப்பதும் தாழ்வாக.

நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். படம் எடுப்பது பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். போனில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், ஜன்னலுக்கு நெருக்கமாகப் பிடியுங்கள், ஆனால் அழுத்தி வைக்காதீர்கள், அதிர்வில் படம் கலங்கும். வணக்கம்.