சத்தத்துக்கு நடுவுல ஒரு நைலான் கிட்டார்

வணக்கங்க. போன வாரம் ரிகர்சல்ல ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

நான் வாசிக்கிறது நைலான் தந்தி போட்ட கிட்டார். கூட இருக்கிறது டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, ரெண்டு சாக்ஸஃபோன். எல்லாரும் சேர்ந்து எடுத்தாங்கன்னா என் கிட்டார் என் காதுக்கே கேக்காது. கிட்டார் சத்தம் முன்பக்கமா போயிடும், நாம அதுக்குப் பின்னாடி உக்காந்திருக்கோம், இல்லையா?

ஆரம்பத்துல நான் பண்ணது ஒண்ணுதான்: இன்னும் ஓங்கி அடிக்கிறது. நைலான் தந்தி ஓரளவுக்கு மேல தாங்காதுங்க. தந்தி ஃப்ரெட்டுல (கிட்டார் கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகக் கம்பி) இடிச்சு இரையும், சுருதி ஒரு கணம் மேல ஏறி இறங்கும், சத்தம் மட்டும் கூடாது. மணிக்கட்டு வலிதான் மிச்சம். ஒரு நாள் பாட்டு நடுவுல, வேணும்னே வாசிக்கிறதை நிறுத்திப் பார்த்தேன். ஒருத்தர்கூடத் திரும்பலை. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கவே மனசு வரலை.

அப்புறம்தான் காது எப்படி வேலை செய்யுதுன்னு படிக்க ஆரம்பிச்சேன். நம்ம காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தோணணும்னா கிட்டத்தட்ட 10 டெசிபல் கூடணும். விரல்ல அவ்வளவு பலம் எங்க இருக்கு? இன்னொண்ணு, கீழ் ஸ்தாயியில பெரிய சத்தம் இருந்தா, அது தனக்கு மேல இருக்கிற மெல்லிய ஸ்வரங்களையும் சேர்த்து மூடிடும். என் ஆறாவது தந்தி, அதாவது இருக்கிறதுலயே கீழ் ஸ்தாயி தந்தி, சுமார் 82 ஹெர்ட்ஸ். அது பேஸ் கிட்டாரோட வீடு! அங்க போய் நான் ஆறு தந்தியையும் மொத்தமா அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

அந்த நேரத்துலதான் ஃப்ரெடி கிரீன் வாசிச்ச கிட்டாரைக் கேட்டேன். கவுன்ட் பேஸியோட ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவுல 1937-ல சேர்ந்து, 1987-ல இறக்கிற வரைக்கும் அங்கேயே வாசிச்சவர். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன்னு அவ்வளவு பேர் ஊதுற இடத்துல, ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிட்டார். தந்தியை ஃப்ரெட்போர்டுல இருந்து நல்லா உயர்த்திக் கட்டியிருப்பார். கார்டு (பல ஸ்வரம் சேர்ந்த கூட்டு) பிடிச்சாலும் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு ஸ்வரம்தான் ஒலிக்கும். ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு தட்டு. தனியா பிரிச்சுக் கேக்க முயற்சி பண்ணா பிடிபடாது. ஆனா அந்த மொத்தக் கூட்டமும் அந்தத் தட்டு மேல சாஞ்சு நடக்கும். திரும்பத் திரும்பக் கேட்டேங்க, கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்த ரிகர்சல்ல கீழ் ஸ்தாயி தந்தி மூணையும் விட்டுட்டேன். மேல ரெண்டு ஸ்வரம், அதுவும் சாக்ஸ் மூச்சு வாங்குற இடத்துல மட்டும். மைக் வெச்சோம். ஆனா மைக் மட்டும் காப்பாத்தாது, ஏத்த ஏத்த கிட்டாரோட உடம்பே அதிர்ந்து ஊளை வரும். கீழ் அதிர்வெண்ணைக் குறைச்ச பிறகுதான் அடங்குச்சு.

எனக்குக் கஷ்டமா இருந்தது, டிரம்ஸ் அண்ணன்கிட்ட வாயைத் திறந்து கேக்கிறதுதான். "அண்ணா, சரணத்துல குச்சிக்குப் பதிலா ப்ரஷ் வாசிக்கிறீங்களா?" ப்ரஷ்னா டிரம்ஸ் சத்தம் மெலிசாயிடும். ஆனா கேக்கவே ரெண்டு மாசம் ஆச்சு. ஸ்பெயின் இசையமைப்பாளர் ரொட்ரீகோ தன்னோட கிட்டார் கன்செர்ட்டோவை (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு) எழுதும்போதே ஆர்க்கெஸ்ட்ராவை ஒதுங்கி நிக்க வெச்சுத்தான் எழுதியிருக்கார், 1940-ல அரங்கேறினது. அவரே கிட்டாருக்கு வழி விட்டிருக்கும்போது நான் ஏன் கூச்சப்படணும்னு கேட்டுட்டேன். அண்ணன் ஒரு வார்த்தை மறுக்காம ப்ரஷ்ஷை எடுத்தார்.

இப்போ போன வாரம். பாட்டு நடுவுல என் கட்டை விரல் நகம் உடைஞ்சு, சட்டுனு நிறுத்திட்டேன். மைக்கே போடாத ரிகர்சல் அது. நாலு பீட்கூட ஆகலை. டிரம்ஸ் அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "என்னாச்சு? எங்க போனே?"