ஒரே ஒரு ரன்

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் என்றதும் பந்து கூட்டத்துக்குள் போய் விழுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது அப்படி எதுவுமே நடக்காத ஓர் ஆட்டத்தைப் பற்றி. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்த பிறகும் இரண்டு பக்கமும் பூஜ்யம்.

1991 அக்டோபர் 27. மினியாபொலிஸ் நகரின் மெட்ரோடோம் அரங்கம். மினசோட்டா ட்வின்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் மோதிய உலகத் தொடரின், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரின், ஏழாவது, கடைசி ஆட்டம். முந்தைய ஆண்டு இரண்டு அணிகளுமே தத்தம் பிரிவில் கடைசி இடம் என்பது வேடிக்கை. தலைக்கு மேல் வெள்ளைக் கூரை. அதற்குள் 55,000 பேர் கத்தினால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

ட்வின்ஸுக்குப் பந்தெறிந்தவர் ஜாக் மோரிஸ். வயது 36, பக்கத்து ஊரான செயின்ட் பாலில் பிறந்தவர். அந்தத் தொடரில் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே அவர் பந்தெறிய இறங்கியது அது மூன்றாவது முறை. எதிரே 24 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். டெட்ராய்ட் அணிக்காக மோரிஸ் எறிவதைப் பார்த்து மிச்சிகனில் வளர்ந்த பையன்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டைக்காரர் மூன்று பேஸ்களைத் தொட்டு, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டுக்கு, அதாவது வீட்டுக்கு, திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. இங்கே பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை. 60 அடி 6 அங்குல தூரத்துக்குள் அது காற்றிலேயே வேலையைக் காட்டியாக வேண்டும். இரண்டு விரல்களை அகல விரித்துப் பந்தை இடுக்கி எறிவார் மோரிஸ். வேகப்பந்து போலவே வரும். மட்டையைச் சுழற்றும் நேரத்தில் பொத்தென்று கீழே இறங்கிவிடும்.

சரி, எட்டாவது இன்னிங்ஸுக்கு வருவோம். பிரேவ்ஸின் லானி ஸ்மித் முதல் பேஸில் நிற்கிறார். பந்து கையை விட்டதுமே ஓடத் தொடங்குகிறார். டெரி பெண்டில்டன் அடித்த அடி, இடது பக்க இடைவெளியில் சுவரை நோக்கிப் போகிறது. ஸ்மித் நேராக வீட்டுக்கே வந்திருக்கலாம். ஆனால் பந்து எங்கே போனது என்று அவர் பார்க்கவில்லை. ட்வின்ஸின் சக் நாப்லாக், கையில் இல்லாத பந்தை எடுத்து வீசுவது போல ஒரு நாடகம் ஆடுகிறார். ஸ்மித் இரண்டாவது பேஸில் தயங்கி நின்றுவிட்டார். கடைசியில் மூன்றாவது பேஸ் வரைதான் போக முடிந்தது.

பிரேவ்ஸின் தோல்விக்கெல்லாம் ஸ்மித்தைத்தான் காரணம் காட்டுவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அப்போது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆள். ஒருவர்கூட அவுட் இல்லை. அங்கிருந்து ஒரு ரன் எடுப்பது பெரிய காரியமா? மோரிஸ் விடவில்லை. ரான் கான்ட் தட்டிய பந்து முதல் பேஸ் பக்கம் உருண்டது, அவுட். டேவிட் ஜஸ்டிஸை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள், அதாவது அடிக்க விடாமல் முதல் பேஸை இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்து சிட் பிரீமும் முதல் பேஸ் பக்கமே அடித்தார். பந்து அங்கிருந்து, வீட்டருகே நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் பிரையன் ஹார்ப்பரிடம் போய், மறுபடி முதல் பேஸுக்கே வந்தது. ஒரே பந்தில் இரண்டு அவுட். வீட்டில் அவுட்டானவர் அதே ஸ்மித். ஆட்டம் தொடங்கும்போது ஹார்ப்பரோடு கைகுலுக்கிவிட்டு மட்டை பிடித்தவரும் அவர்தான்!

அதே இன்னிங்ஸின் பின்பாதியில் ட்வின்ஸும் மூன்று பேஸையும் நிரப்பிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்மோல்ட்ஸை அதற்குள் மாற்றிவிட்டிருந்தார்கள். ஒன்பதாவது முடிந்ததும் மேலாளர் டாம் கெல்லி, மோரிஸையும் மாற்றத்தான் நினைத்தார். மோரிஸ் அசையவில்லை. பத்தாவது இன்னிங்ஸிலும் அவரே போய் எறிந்தார், ரன் தரவில்லை. மொத்தம் 126 பந்துகள்.

அப்புறம் ட்வின்ஸின் முறை. டான் கிளாடன் மட்டை உடைய ஒரு பந்தை அடித்து, துணிந்து இரண்டாவது பேஸ் வரை ஓடினார். நாப்லாக் மெல்லத் தட்டி அவரை மூன்றாவதுக்கு நகர்த்தினார். அடுத்த இருவரை வேண்டுமென்றே நடக்கவிட்டது பிரேவ்ஸ். மாற்று ஆட்டக்காரராக வந்த ஜீன் லார்கின், முதல் பந்தையே முன்னால் நெருங்கி நின்ற தடுப்பாளர்களின் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். கிளாடன் அவசரப்படாமல் வந்து ஹோம் பிளேட்டை இரண்டு காலாலும் மிதித்தார். அந்த ஒரே ரன்னில் தொடரே ட்வின்ஸுக்கு. அங்கே மோரிஸ் காத்துக்கொண்டிருந்தார்.

வணக்கம்.