ஒரு நாள்கூட அமலுக்கு வராத காபித் தடை! | மார்கழி காபியும் சரித்திரமும்

எல்லாருக்கும் வணக்கம். டபராவைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். இன்றைக்கு டிசம்பர் 29, நான் காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருந்த தேதி. 1675-ல் இதே நாளில்தான் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், நாட்டில் உள்ள காபிக் கடைகளை எல்லாம் மூடச் சொல்லி உத்தரவு போட்டார். நம் சேனலுக்கு இதைவிடப் பொருத்தமான தேதி ஒன்று இருக்குமா?

கதைக்கு முன்னால் பில்டர் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த எவர்சில்வர் பில்டர் மக்கர் பண்ணுவதைப் போன வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நேற்று ராத்திரி பொடி போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் சத்தத்துக்கு எழுந்து பார்த்தால் கீழே இரண்டு ஸ்பூன் டிகாக்‌ஷன்கூட இறங்கவில்லை, மேலே தண்ணீர் அப்படியே நிற்கிறது. பொடி கால் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறியிருக்கிற நேரத்தில் இப்படி ஒரு ஈடு வீணாய்ப் போனால் வயிறு எரியுமா எரியாதா? வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆச்சி உள்ளே வந்து, மேல் பாத்திரத்தைக் கழுவி, இடுக்கியில் பிடித்து, அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் காட்டினார். ஓட்டைகளில் அடைத்திருந்த பழைய தூள் சிவந்து, பொறி பொறியாக எரிந்து உதிர்ந்தது. ஆறவிட்டு ஒரு தட்டுத் தட்டி, வளவில் விழுகிற வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் அத்தனை ஓட்டையும் பளிச்சென்று தெரிகிறது! இப்போது நான் குடிப்பது அதில் இறங்கியதுதான். என்ன நிறம் பாருங்கள். ஆச்சிக்கு எல்லாரும் ஒரு லைக் போடுங்கள்.

சரி, சார்லஸ் ராஜா. லண்டனில் முதல் காபிக் கடை 1652-ல் வந்தது. ஒரு பென்னி கொடுத்தால் காபி, செய்தித்தாள், அதோடு முன்பின் தெரியாதவரோடு மணிக்கணக்கில் அரசியல் பேச்சு. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. வேலைவெட்டி இல்லாதவர்கள் அங்கே கூடி அரசாங்கத்தைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள், அவரவர் தொழில் கெடுகிறது, ஜனவரி 10 முதல் காபி, டீ, சாக்லேட், சர்பத் எதையும் கடையில் விற்கக் கூடாது என்று அறிவித்துவிட்டார். சர்பத் என்ன பாவம் செய்தது சொல்லுங்கள்! ஊரே கொதித்தது, கடைக்காரர்கள் மனு கொடுத்தார்கள், ஜனவரி 8-ஆம் தேதியே ராஜா இறங்கி வந்துவிட்டார். ஜூன் 24 வரை நடத்திக்கொள்ளுங்கள் என்று நிபந்தனையோடு ஒரு தவணை கொடுத்தார், கடைகள் அதற்குப் பிறகும் நடந்தன. ஆக, அந்தத் தடை ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு ரீல்ஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ராஜா காபியை ஒழித்துவிட்டதால்தான் இங்கிலாந்துக்காரர்கள் டீக்கு மாறினார்களாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே வந்துவிட்டது. தேதியைக்கூடச் சரிபார்க்காமல் பின்னணி இசையை மட்டும் போட்டுவிட்டால் சரித்திரம் ஆகிவிடுமா? எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது.

ஐயோ, ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. உத்தரவுக்கு முந்தின வருஷம், 1674-ல், லண்டன் பெண்கள் பெயரில் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. காபி குடித்துக் குடித்து எங்கள் வீட்டு ஆண்கள் ஒன்றுக்கும் உதவாமல் காய்ந்து போய்விட்டார்கள் என்று புகார்! ஆண்கள் தரப்பிலிருந்து பதில் பிரசுரமும் வந்தது. அதைப் படித்துச் சிரித்ததில் நேற்று எனக்குப் புரையேறிவிட்டது.

சார்லஸாவது பரவாயில்லை, இன்றைய ஜெர்மனிப் பகுதியில் இருந்த பிரஷ்யா நாட்டின் ராஜா இரண்டாம் பிரடெரிக் இன்னும் மோசம். காபிக்காகப் பணம் வெளிநாட்டுக்குப் போகிறது, என் மக்கள் பியர்தான் குடிக்க வேண்டும் என்று 1777-ல் சொன்னவர். அப்புறம் வீட்டில் திருட்டுத்தனமாகக் காபிக் கொட்டை வறுப்பவர்களைப் பிடிக்க, படையிலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்களைத் தெருத்தெருவாக மோப்பம் பிடிக்கவே சம்பளத்துக்கு அமர்த்தினார். நிஜமாக! அவர்கள் காரைக்குடிக்கு வந்திருந்தால் கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் மூக்கு ஓய்ந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், ராஜா 'வெட்டிப்பேச்சு' என்று நினைத்த இடத்திலிருந்துதான் பெரிய பெரிய தொழில் பிறந்தது. எட்வர்ட் லாயிட் என்பவருடைய காபிக் கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசிப் பேசியே 'லாயிட்ஸ் ஆஃப் லண்டன்' என்ற இன்ஷூரன்ஸ் சந்தை உருவானது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பர்மா வட்டிக்கணக்குப் பேசிய ஊர் இது. 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளையைத் திறந்தார்கள். விமானத்தில் பறந்து பறந்து வேலை பார்க்கிற காலமா அது? நினைத்தாலே எனக்குப் பெருமை தாங்கவில்லை, பிப்ரவரியில் அதற்குத் தனி வீடியோ நிச்சயம் உண்டு.

நாளைக்குச் சிக்கரி. 1806-ல் நெப்போலியன் இங்கிலாந்து சரக்கு எதுவும் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டதில் காபிக்குத் தட்டுப்பாடு வந்து, பிரான்சில் சிக்கரி வேரை வறுத்துக் கலக்கும் பழக்கம் பெருகியது. சிக்கரி என்றாலே கலப்படம் என்று கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் தயாராக இருங்கள், நான் எண்பதுக்கு இருபது கட்சி, மாறவே மாட்டேன். நம் நாட்டு விதிப்படி சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும். உங்கள் வீட்டுப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, எத்தனை சதவீதம் என்று கீழே எழுதுங்கள். வெள்ளைப் பணியாரம் ஆறுகிறது, வருகிறேன்.